ஹெலன் கெல்லரின் ஆசிரியையை நழுவவிட்ட பள்ளிக்கூடங்கள்

ஹெலன் கெல்லரைத் தெரியாதவர்கள் நம் நாட்டில் குறைவு.

பிறந்த 19-வது மாதத்தில் அந்தக் குழந்தைக்கு ஒரு கொடிய காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிற்று. ஆனால் கண் பார்வை போயிற்று. காதும் கேளாமல் போயிற்று. அப்படிப்பட்ட பெண் எழுதப் படிக்கக் கற்றார். கல்லூரியில் பட்டம் பெற்றார். புத்தகங்கள் எழுதினார். உலகம் சுற்றினார். 1955-ம் ஆண்டில் இந்தியாவுக்கும் வந்து போனார்.

அவருக்கு அறிவுக் கண்ணைத் திறந்துவிட்டவர் ஆனி சல்லிவன் என்ற ஆசிரியை. இதையும் பலர் அறிவார்கள்.

பலர் அறியாத சங்கதி ஒன்று உண்டு. உலகம் போற்றும் இந்த ஆசிரியையை இரண்டு பள்ளிக்கூடங்கள் கையில் வைத்திருந்து நழுவவிட்டன!

அந்த இரண்டு பள்ளிகளின் தலைவர்களும் கெட்டவர்கள் அல்லர். நன்றாகப் படித்தவர்கள், நல்ல மனம் படைத்தவர்கள். தொடக்கத்தில் அந்த ஆசிரியைக்குக் கை கொடுத்தவர்களே அவர்கள்தான். பிறகு ஏன் இழந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு இன்றும் அவசியம் இருக்கிறது. பார்வை இல்லாத பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள், பாடம் மெதுவாக ஏறுகிற பிள்ளைகள் ஆகியோருக்குப் பாடம் சொல்லித் தரத் தனிப் பயிற்சி பெற்று வருகிறவர்களைச் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் என்கிறோம். இவர்கள் வேலையை விட்டுப் போவது பல நாடுகளில் பெரிய தலைவலியாக இருக்கிறது. ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் எளிதில் கிடைப்பதில்லை.

சம்பளம் போதாமல் போகிறவர்கள் உண்டு. ஆனால் போவதும் இருப்பதும் சம்பளத்தால் மட்டும் முடிவாவதில்லை. பள்ளியின் தலைமை நாற்காலியில் இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அதை முடிவு செய்கிறது. ஆனி சல்லிவனின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஏழைகள் விடுதியில் ஒரு சிறுமி

ஆனி 1866-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். ஐந்து வயதில் கண் நோய் வந்து பார்வை மங்கியது. எட்டு வயதில் தாய் இறந்தார்.

1876-ம் ஆண்டு ஆனியையும் தம்பி ஜிம்மியையும் டியூக்ஸ்பரி என்ற ஊரில் இருந்த அரசு ஏழைகள் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். நோயாளிகளும், மனநிலை சரியில்லாதவர்களும், ஆதரவற்ற கிழவர்களும் ஒன்றாக அடைந்து கிடந்த இடம் அது. சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்துபோனான்.

பார்வை இல்லாதவர்களுக்கு என்று தனிப் பள்ளிக்கூடம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லி அந்தச் சிறுமி கேள்விப்பட்டாள். ஒரு நாள் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் பெயர் சான்பார்ன். முகம் தெரியவில்லை. குரல் வந்த பக்கமாக ஓடிப்போய், தனக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று கத்தினாள்.

அந்தக் கூக்குரல் வீண் போகவில்லை. 1880-ம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில் ஆனிக்கு இடம் கிடைத்தது. அப்போது வயது 14. ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

கோபக்காரிக்குக் கிடைத்த தலைவர்

பெர்க்கின்ஸ் பள்ளியின் தலைவர் மைக்கேல் அனக்னாஸ். கிரேக்க நாட்டுக்காரர். பள்ளியின் முதல் தலைவரான டாக்டர் ஹோவின் மருமகன். மாமனார் இறந்த 1876-ம் ஆண்டில் அவர் இருந்த நாற்காலிக்கு வந்தவர்.

ஆனி சாதுவான மாணவி அல்ல. வெடுக்கென்று பேசுவார். ஆசிரியர்களை எதிர்த்துக் கேட்பார். அவரைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு ஒரு முறைக்கு மேல் எழுந்தது. அனக்னாஸே 'கோபக்காரி' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்றை அவருக்கு வைத்திருந்தார். ஆனாலும் பள்ளியை விட்டு அனுப்பவில்லை.

கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்து ஆனிக்கு ஓரளவு பார்வை திரும்பிற்று. அந்தப் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற வயதான பெண்மணி இருந்தார். அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. உள்ளங்கையில் விரலால் எழுத்துக் கூட்டிப் பேசுவதுதான் அவருக்கு மொழி. டாக்டர் ஹோ கற்றுக்கொடுத்தது அது. லாராவோடு பேச ஆசைப்பட்டு ஆனியும் அந்த விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார்.

1886-ம் ஆண்டு ஆனி தம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். அடுத்து எங்கே போவது? வீடு இல்லை; வாசல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தெற்கே அலபாமா மாநிலத்திலிருந்து ஒரு தகப்பனார் பெர்க்கின்ஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். தம் மகளுக்குப் பாடம் சொல்லித் தர ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் ஹெலனின் தந்தை கேப்டன் கெல்லர். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்தான் அவருக்கு இந்த வழியைக் காட்டியவர்.

அனக்னாஸ் அனுபவசாலி யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது, ஒரு நாள்கூட வாத்தியார் வேலை பார்க்காத 20 வயது ஆனியை!

தலைவர் கொடுத்த மூன்று பொருள்கள்

வேலை வாங்கிக் கொடுத்ததோடு அனக்னாஸ் நிற்கவில்லை. மேலும் மூன்றைக் கொடுத்தார்.

முதலாவது, நேரம். உடனே புறப்படு என்று விரட்டவில்லை. தயார் செய்துகொள்ள ஆனிக்குச் சில மாதங்கள் கிடைத்தன.

இரண்டாவது, கருவி. லாராவுக்கு டாக்டர் ஹோ எப்படிப் பாடம் சொன்னார் என்ற குறிப்புகள் பள்ளியில் இருந்தன. அவற்றை ஆனியிடம் படிக்கக் கொடுத்தார். அந்தப் பழைய காகிதங்களைப் பார்வை குறைந்த கண்களால் ஆனி வரிவரியாகப் படித்தார்.

மூன்றாவது, துணை. ஆனி தனியாகப் போனாலும் அவருக்குப் பின்னால் ஒரு பள்ளி நின்றது. விடுதிப் பொறுப்பாளர் ஹாப்கின்ஸ் அம்மாளுக்குத் தம் கஷ்டத்தையெல்லாம் ஆனி கடிதமாக எழுதுவார். பெர்க்கின்ஸ் பள்ளிப் பிள்ளைகள் ஹெலனுக்காக ஒரு பொம்மை கொடுத்தனுப்பினார்கள். அதற்குச் சட்டை தைத்தவர் லாரா பிரிட்ஜ்மன்.

சம்பளம் மாதம் 25 டாலர். சாப்பாடும் தங்குமிடமும் கெல்லர் வீட்டில்.

1887-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஆனி டஸ்கம்பியா ஊர் வந்து சேர்ந்தார்.

பெற்றோர் விட்டுக்கொடுத்தார்கள்

ஹெலனுக்கு அப்போது ஏழு வயது நிறையவில்லை. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் தட்டிலும் கை போட்டு எடுத்துத் தின்பாள். தடுத்தால் உதைப்பாள், கடிப்பாள். வந்த புதிதில் ஆனியின் முன்பல் ஒன்று அவள் அடித்த அடியில் உடைந்தது.

ஆனி கண்டிக்க முயன்றால் வீட்டார் குறுக்கே வந்தார்கள். பாவம், ஊனமான குழந்தை, அழவிடலாமா என்பது அவர்கள் மனம்.

ஆசிரியை சொல்வது ஒன்று, வீட்டார் சொல்வது ஒன்று என்று இருந்தால் பிள்ளை எதைக் கற்கும்? ஆனி தாயிடம் பேசினார். குழந்தையைத் தம்மிடம் தனியாக விடும்படி கேட்டார். தந்தைக்கு அரை மனம்தான். ஆனாலும் இருவரும் இசைந்தார்கள். தோட்டத்தில் இருந்த சிறு வீட்டில் ஆசிரியையும் மாணவியும் இரண்டு வாரம் இருந்தார்கள். பெற்றோர் தினமும் வந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், உள்ளே வரமாட்டார்கள்.

ஏப்ரல் 5-ந் தேதி அது நடந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் நீர் கொட்ட, மறு கையில் 'தண்ணீர்' என்ற சொல்லை ஆனி விரலால் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அந்த நிமிடம் ஹெலனுக்குப் புரிந்தது. அன்று இருட்டுவதற்குள் ஏறக்குறைய 30 சொற்களைக் கற்றுவிட்டாள்.

இது ஆனியின் வெற்றி. அதில் அனக்னாஸுக்கும் பங்கு உண்டு. குறுக்கே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்ற பெற்றோருக்கும் பங்கு உண்டு.

பிறந்தநாள் பரிசால் வந்த வினை

அனக்னாஸ் மகிழ்ந்துபோனார். பள்ளியின் ஆண்டு அறிக்கையில் ஹெலனைப் பற்றி விரிவாக எழுதினார். ஹெலனின் பெயர் நாடு முழுவதும் பரவியது. 1888-ல் ஆனியும் ஹெலனும் பெர்க்கின்ஸ் பள்ளிக்கு வந்தார்கள். அங்கே இருந்த புத்தகங்களும் பிள்ளைகளும் ஹெலனுக்குப் புது உலகம். பிறகு பல மாதங்கள் அங்கே தங்கிப் படித்தாள்.

1891-ம் ஆண்டு நவம்பரில் அனக்னாஸின் பிறந்தநாள் வந்தது. பதினொரு வயது ஹெலன் ஒரு கதை எழுதிப் பரிசாக அனுப்பினாள். பனி அரசனைப் பற்றிய கதை. அனக்னாஸ் பூரித்துப்போய் அதை அச்சிட்டார்.

சில நாளில் இடி விழுந்தது. மார்கரெட் கேன்பி என்ற எழுத்தாளர் பல ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய கதையும் இதுவும் ஒன்றுபோல் இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள்.

நடந்தது என்ன? 1888-ம் ஆண்டு கோடையில் ஹாப்கின்ஸ் அம்மாள் வீட்டில் ஹெலனுக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனி அப்போது அங்கே இல்லை. கேட்ட கதை மனத்தின் அடியில் தங்கிவிட்டது. மூன்று ஆண்டுக்குப் பிறகு அது தன் கற்பனை என்றே எண்ணி அந்தக் குழந்தை எழுதிவிட்டது.

ஆனால் பள்ளியில் சந்தேகம் கிளம்பிற்று. ஆசிரியையே சொல்லிக் கொடுத்து எழுத வைத்தாரோ என்ற சந்தேகம்!

எட்டுப் பேர் கொண்ட விசாரணைக் குழு கூடியது. ஆசிரியையை வெளியே போகச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது. கண்ணும் காதும் இல்லாத 11 வயதுச் சிறுமி, தனக்கு மொழியாக இருந்த கை பக்கத்தில் இல்லாமல், தனியாக உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னாள்.

நான்கு பேர் ஹெலன் பக்கம். நான்கு பேர் எதிர்ப்பக்கம். அனக்னாஸ் தம் வாக்கை ஹெலனுக்குப் போட்டார். அவள் குற்றமற்றவள் என்று முடிவாயிற்று. ஆனால் அன்றிரவு படுக்கையில் அழுத அழுகையை ஹெலன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னாளில் தம் சுயசரிதையிலும் அதை எழுதினார்.

வாக்குக் கிடைத்தும் பழைய உறவு திரும்பவில்லை. நாளடைவில் அனக்னாஸின் மனமும் மாறியது. ஆசிரியையை அவர் வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் தங்கிப் படிப்பதை ஆனியும் ஹெலனும் நிறுத்திவிட்டார்கள்.

கோபக்காரச் சிறுமியாக இருந்தபோது ஆனியை நம்பியவர், புகழ்பெற்ற ஆசிரியையாக ஆனபோது அவரை நம்பவில்லை!

வாரம் இரண்டு நாள் கிடைத்த ஓய்வு

அடுத்த சம்பவம் கேம்பிரிட்ஜ் நகரில் நடந்தது. இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் அல்ல. பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஊர்.

ஹெலனுக்குக் கல்லூரியில் படிக்க ஆசை. அதற்குத் தயார் செய்துகொள்ள 1896-ம் ஆண்டு அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். பார்வையும் கேள்வியும் உள்ள பெண்கள் படிக்கும் சாதாரணப் பள்ளி அது. தலைவர் ஆர்தர் கில்மன்.

ஆனிக்கு அங்கே வேலை இரண்டு மடங்கு. எல்லா வகுப்பிலும் ஹெலன் அருகே உட்காருவார். ஆசிரியர் சொல்வதையெல்லாம் ஹெலனின் உள்ளங்கையில் எழுதுவார். புள்ளி எழுத்தில் இல்லாத புத்தகங்களைத் தாமே படித்து, அதையும் கையில் எழுதுவார். அகராதியைப் புரட்டுவார். அவருடைய கண்களோ நோய்ப்பட்ட கண்கள்.

இதைக் கில்மன் பார்த்தார். தாமே விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டார்! பள்ளித் தலைவரே கற்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஜெர்மன் மொழி ஆசிரியையும் கற்றுக்கொண்டார். அவருடைய விரல்கள் மெதுவாகத்தான் ஓடின. ஆனாலும் வாரம் இரண்டு முறை ஹெலனுக்கு அவரே பாடத்தை விரலால் எழுதிக் காட்டினார். ஏன் தெரியுமா? ஆனிக்குக் கொஞ்சமாவது ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான்.

பலன் உடனே தெரிந்தது. 1897-ம் ஆண்டு கோடையில் நடந்த கல்லூரி நுழைவுக்கான முதல்கட்டத் தேர்வில் ஹெலன் எல்லாப் பாடங்களிலும் தேறினார். தேர்வுக் கேள்விகளை ஹெலனின் கையில் எழுதிக் காட்டியவர் கில்மனே!

மீண்டும் அதே தவறு

இரண்டாம் ஆண்டில் சிக்கல் வந்தது. கணக்குப் பாடம் கடினம். புள்ளி எழுத்துப் புத்தகங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. நவம்பர் மாதம் ஒரு நாள் ஹெலனுக்கு உடம்பு சரியில்லாமல் வகுப்புக்கு வரவில்லை.

படிப்புச் சுமையால் பெண்ணின் உடல்நலம் கெடுகிறது என்று கில்மன் எண்ணினார். இன்னும் மூன்று ஆண்டு மெதுவாகப் படிக்கட்டும் என்றார். தேவையில்லை, இரண்டு ஆண்டே போதும் என்றார் ஆனி.

கில்மனின் கவலை பொய்யான கவலை என்று சொல்ல முடியாது. ஒரு மாணவியின் உடல்நலத்தைப் பற்றிப் பள்ளித் தலைவர் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் ஹெலனின் ஒவ்வொரு நாளையும் கூட இருந்து அறிந்தவர் ஆனி. இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டிருக்கலாம்.

கில்மன் வேறு வழியில் போனார். ஹெலனின் தாய்க்கு எழுதினார். ஆசிரியையிடமிருந்து ஹெலனைப் பிரித்துத் தம் பொறுப்பில் விடவேண்டும் என்றார். தொலைவில் இருந்த தாய் முதலில் அதற்குச் சம்மதித்தும்விட்டார்.

பத்து ஆண்டுக்கு மேல் கூடவே இருந்த ஆசிரியை போகவேண்டும் என்ற செய்தி கேட்டு ஹெலன் துடித்துப்போனார். ஆனி தந்தி அடித்தார். தாய் பதறிக்கொண்டு புறப்பட்டு வந்தார். மகளிடம் கேட்டார். நிலைமையை நேரில் பார்த்தார். பிறகு அவர் செய்த முடிவு வேறு. ஆனியே ஹெலனோடு இருக்கட்டும் என்றார். ஹெலனையும் அங்கே படித்துக்கொண்டிருந்த தங்கை மில்ட்ரெடையும் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்.

கில்மன் நீக்க நினைத்தது ஆசிரியையை. இழந்தது மாணவியையும் சேர்த்து!

ஹெலன் வீட்டிலேயே தனி ஆசிரியரிடம் படித்தார். 1900-ம் ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டும் ஆனி பக்கத்தில் உட்கார்ந்து பாடங்களைக் கையில் எழுதினார். 1904-ல் ஹெலன் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார்.

இன்றைய அமெரிக்காவில்

இது பழைய கதை. இன்று நிலைமை என்ன?

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. உடற்குறை, அறிவு வளர்ச்சிக் குறை உள்ள எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் படிப்புத் திட்டம் எழுதவேண்டும் என்றது அந்தச் சட்டம். 2022-23-ம் ஆண்டில் அங்கே சுமார் 75 லட்சம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழ் உதவி பெற்றார்கள். அரசுப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 15 பேர்!

இத்தனை பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் போதவில்லை. வந்தவர்களும் நிலைப்பதில்லை. ஏன் என்று அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போனி பில்லிங்ஸ்லி அவர்களில் ஒருவர். அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் 2004-ல் தொகுத்துப் பார்த்தார். 2019-ல் எலிசபெத் பெட்டினி என்பவருடன் சேர்ந்து மறுபடியும் பார்த்தார்.

பல காரணங்கள் தெரிந்தன. எழுதவேண்டிய காகிதங்கள் ஏராளம். ஒருவர் பொறுப்பில் பிள்ளைகள் அதிகம். போதிய பயிற்சி இல்லாமலே சிலர் வேலைக்கு வருகிறார்கள். சம்பளமும் ஒரு காரணம். இவற்றோடு, பள்ளித் தலைமையின் ஆதரவு என்ற காரணமும் திரும்பத் திரும்ப வந்தது. ஆதரவு கிடைக்கிறது என்று உணர்ந்தவர்கள் வேலையில் நீடிக்க நினைக்கிறார்கள். கிடைக்காதவர்கள் விட்டுப் போக நினைக்கிறார்கள்.

ஆதரவு என்றால் தோளைத் தட்டிக் கொடுப்பது மட்டும் அல்ல. பாடத்துக்குத் தயார் செய்ய நேரம் ஒதுக்குவது. வேறு ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவரை இழுக்காமல் இருப்பது. பெற்றோர் கூட்டத்தில் தாமும் வந்து உட்காருவது. இந்தப் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள் மட்டும் அல்ல, பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் என்று மற்ற ஆசிரியர்களுக்கு உணர்த்துவது.

இவை புதிய யோசனைகளா? அனக்னாஸ் கொடுத்த சில மாத நேரமும், கில்மன் கற்ற விரல் எழுத்தும் இவைதாமே!

நம் பள்ளிகளில்

நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2021-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியர் வேண்டும். அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட கணக்கு.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்கிறவர்களைச் சிறப்புப் பயிற்றுநர்கள் என்கிறார்கள். வட்டார வள மையத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போகவேண்டும். எழுந்து நடக்க முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகவேண்டும். தொகுப்பூதியத்திலேயே பல ஆண்டுகள் உழைத்தவர்கள் இவர்கள்.

சம்பளத்தை உயர்த்துவதும் வேலையை நிரந்தரமாக்குவதும் அரசின் கையில் இருக்கிறது. தலைமை ஆசிரியரால் அது முடியாது. ஆனால் அவரால் முடிந்தவை எத்தனையோ இருக்கின்றன.

வாரத்தில் ஒரு நாள் வருகிற பயிற்றுநருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். வராந்தா ஓரத்திலும் சாமான் அறையிலும் பாடம் நடத்தச் சொன்னால், அவருக்கும் பிள்ளைக்கும் பள்ளியில் என்ன மதிப்பு என்பதை மற்றப் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவர் வரும் நாளில் அந்தப் பிள்ளையும் வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அவர் சொல்லிக் கொடுத்ததை மற்ற நாட்களில் வகுப்பாசிரியர் தொடரவேண்டும். அதற்கு இருவரும் பத்து நிமிடமாவது பேசிக்கொள்ள வழி செய்யவேண்டும். குறை ஏதும் வந்தால், முடிவு செய்வதற்கு முன் அவரையும் அழைத்துக் கேட்கவேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் வேலை உண்டு. பிள்ளைக்குப் பாடம் சொல்ல வருகிறவர் யார், எந்த நாளில் வருகிறார், எங்கே உட்கார்ந்து சொல்லித் தருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அங்கே எடுத்துச் சொல்லலாம். பிள்ளை ஓர் எழுத்துக் கூடுதலாகக் கற்றிருந்தால், அதைத் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாம். குறை சொல்லப் போகிற நாம் நிறைவு சொல்லப் போவதில்லை.

காலம் கடந்து வந்த பெருமை

ஆனி சல்லிவன் 1936-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி காலமானார். அவரும் ஹெலனும் சேர்ந்து வாழ்ந்த காலம் 49 ஆண்டு. அத்தனை ஆண்டும் ஹெலன் அவரை 'டீச்சர்' என்றுதான் அழைத்தார். 1955-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியபோது, அதற்கும் 'டீச்சர்' என்றே பெயர் வைத்தார்.

1956-ம் ஆண்டு பெர்க்கின்ஸ் பள்ளியில், கண்ணும் காதும் இல்லாத பிள்ளைகளுக்கான ஒரு கட்டடத்துக்கு ஹெலன், ஆனி இருவருடைய பெயரும் சூட்டப்பட்டது. திறப்பு விழாவுக்கு ஹெலன் போயிருந்தார். ஒரு காலத்தில் மூடிய கதவுக்குள் தன்னை விசாரித்த அதே பள்ளிக்கு!

அப்போது ஹெலன் எழுபது வயதைக் கடந்திருந்தார். ஆனி இறந்து ஏறக்குறைய 20 ஆண்டு ஆகியிருந்தது.

நல்ல ஆசிரியர் போன பிறகு பெயர்ப் பலகை வைப்பது எளிது. அவர் இருக்கும்போதே ஒரு நாற்காலியும், கொஞ்சம் நேரமும், நம்பி ஒரு வார்த்தையும் கொடுத்தால் அவர் போகமாட்டார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஓர் ஆனி சல்லிவன் இன்று வந்து உட்கார்ந்திருக்கலாம்.